சூரியச் சுடரைத் தரம் பிரிப்பது எப்படி?

பழவேற்காட்டில் படகு கரை சேர்ந்ததும் முதல் வேலை தரம் பிரிப்பது. இறால் தனி, நண்டு தனி. இறாலிலும் பெரியது வேறு, பொடி வேறு. அளவு மட்டும் பார்த்தால் போதாது, இனமும் தெரிய வேண்டும்.

சூரியனில் வெடிக்கும் சுடர்களுக்கும் இதே கதைதான். அவற்றை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலம் புறப்பட்டதும் பக்கத்தில்தான். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து, 2023 செப்டம்பர் 2 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதைச் சுமந்து சென்றது. 2024 ஜனவரி 6 முதல் அது 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எக்ஸ் கதிர் உச்சத்தில் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை வைத்து சுடர்களை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகுக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் முந்தையதைவிட 10 மடங்கு. எக்ஸ்2 என்றால் எக்ஸ்1-ஐப் போல இரு மடங்கு.

ஆனால், இது அளவு மட்டுமே. 2014 அக்டோபரில் ஒரே கரும்புள்ளிக் கூட்டம் ஆறு எக்ஸ் சுடர்களை உமிழ்ந்தது. மேலிருந்த வலுவான காந்தப்புலம் அமுக்கிப் பிடித்ததால் சூரியனின் வாயுப் பிழம்பு வெளியே பாயவில்லை. 2005 ஜனவரி 20 அன்று எழுந்த எக்ஸ்7 சுடரோ, ஒளி வந்த அரை மணிக்குள் அதிவேகப் புரோட்டான்களைப் பூமிக்கு அனுப்பிவிட்டது. அதனால் புரோட்டான் மழைக்கு எஸ்1 முதல் எஸ்5 வரை தனி அளவுகோல் உண்டு.

ஆதித்யா எக்ஸ் கதிர், துகள்கள் இரண்டையும் அளக்கிறது. வெப்பமான வாயு தரும் மென் எக்ஸ் கதிரை சோலெக்ஸ் கருவி பார்க்கிறது. முடுக்கிவிடப்பட்ட எலக்ட்ரான்கள் மோதும் கணத்தில் எழும் வன் எக்ஸ் கதிரை ஹீலியோஸ் பிடிக்கிறது. 2023 அக்டோபர் 29 அன்றே ஒரு சுடரின் தொடக்கத்தை அது பதிவு செய்தது. துகள்களை எண்ண ஆஸ்பெக்ஸ், பாபா என்ற கருவிகள் இருக்கின்றன.

பழவேற்காட்டு மீனவர் குப்பத்துக்கு இதில் என்ன? எக்ஸ் கதிர் ஒளியோடு 8 நிமிடத்தில் வந்து, சிற்றலை வானொலியைக் குலைக்கும். அதற்கு முன்னெச்சரிக்கை கிடையாது. துகள்களும் பிழம்பும் பிந்தி வருபவை. பிழம்பு வந்து சேர ஒன்றிரண்டு நாளாகலாம். எந்தச் சுடர் அவற்றை அனுப்பும் என்று உடனே பிரித்தறிந்தால், செயற்கைக்கோள்களைக் காத்துக்கொள்ளலாம். நடுக்கடலில் திசை காட்டும் ஜி.பி.எஸ்.ஸும், புயலை முன்கூட்டியே காட்டும் படங்களும் அந்தச் செயற்கைக்கோள்கள் தருபவைதானே!