விண்ணப்பம் ஏன் கடைசி நாள்வரை காத்திருக்கிறது?

கல்லூரியில் சேர விண்ணப்பிக்கப் பல நாள்கள் அவகாசம் தரப்படுகிறது. எனினும், இறுதி நாளன்று மாலையில்தான் பலர் இணைய மையத்தைத் தேடி ஓடுகிறார்கள். இவர்கள் எல்லாரும் சோம்பேறிகளா? அப்படிச் சொல்லிவிடலாம்; ஆனால் அது சரியான விடையாகாது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு விடியற்காலையில் எழுந்து படித்த மாணவர்களே விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். இதன் காரணம் யாது? உளவியலார் இதனைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்துள்ளனர்.

புறாவின் தேர்வு

1972-ஆம் ஆண்டில் ஹோவர்ட் ராக்லின், லெனர்ட் கிரீன் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் புறாக்களைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தினர். ஒரு விசையைக் கொத்தினால் தீனி உடனே கிடைக்கும். ஆனால் 2 விநாடி நேரமே உண்ணலாம். மற்றொரு விசையைக் கொத்தினால் 4 விநாடி காத்திருக்க வேண்டும். பின்னர் 4 விநாடி நேரம் உண்ணலாம். புறாக்கள் முதல் விசையையே நாடின. ஆனால் இரு தீனிகளையும் ஒரே அளவு தள்ளிவைத்து, முன்கூட்டியே தேர்ந்தெடுக்கச் செய்தபோது நிலைமை மாறிற்று. தள்ளிவைத்த நேரம் நீள நீள, அதே புறாக்கள் மிகுதியான தீனியின் பக்கம் சாய்ந்தன.

மனிதனின் மனமும் இவ்வாறே இயங்குகிறது. தொலைவிலிருந்து பார்க்கும்போது பனைமரத்துக்குப் பின்னாலுள்ள மலை உயர்ந்து தெரிகிறது. மரத்தின் அடியில் போய் நின்றாலோ மரம் மலையை மறைத்துவிடுகிறது. “ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தை முடித்துவிடுவேன்” என்று செவ்வாயன்று சொல்லும்போது கல்லூரி என்னும் மலை நன்றாகத் தெரிகிறது. ஞாயிறு வந்ததும் கிரிக்கெட்டோ கைப்பேசியோ பனைமரம்போல் முன்னால் வந்து நிற்கிறது.

அச்சமும் ஒரு காரணம்

விண்ணப்பத்தைத் திறந்தாலே சில கேள்விகள் எழுகின்றன. எந்தப் பாடம் எடுப்பது? கட்-ஆஃப் போதுமா? பணத்துக்கு எங்கே போவது? இக்கேள்விகள் மனத்தை வாட்டுகின்றன. படிவத்தை மூடிவிட்டால் அந்தக் கணமே நிம்மதி. தள்ளிப்போடுதல் என்பது நேரத்தைக் கையாளும் குறை மட்டுமன்று. வேதனை தரும் உணர்ச்சியிலிருந்து தப்பும் வழியும் ஆகும் என்று ஃபியூஷா சிரோயிஸ், திமோத்தி பிச்சில் ஆகியோர் 2013-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினர்.

இந்த அச்சத்தில் ஒரு பகுதி தேவையற்றது. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையையே எடுத்துக்கொள்வோம். விண்ணப்பிக்கும்போது கல்லூரியையோ பாடத்தையோ முடிவு செய்ய வேண்டியதில்லை. தரவரிசை வெளியான பின்னர், கலந்தாய்வின்போதுதான் விருப்பங்களைப் பதிவு செய்கிறார்கள். பின்னால் எடுக்க வேண்டிய முடிவுக்கு அஞ்சி, இன்று செய்யக்கூடிய வேலையை நிறுத்திவைப்பானேன்?

நாள் கணக்குப் பிசகுவது எப்படி?

கனடாவில் ரோஜர் புயூலரும் அவருடைய துணைவர்களும் 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பட்ட வகுப்பின் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், அதை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டனர். சராசரி விடை ஏறத்தாழ 34 நாள். “எல்லாமே தவறாகப் போனால்?” என்று கேட்டதற்கு ஏறத்தாழ 49 நாள் என்றனர். உண்மையில் அவர்களுக்குப் பிடித்தது ஏறத்தாழ 56 நாள்! வேலை தடையின்றி நடப்பதாகவே மனம் கற்பனை செய்கிறது. இடையில் வரும் தடைகளை அது கணக்கில் சேர்ப்பதில்லை.

விண்ணப்பத்தில் இந்தப் பிழை மிகுந்த கேடு விளைவிக்கும். ஏனெனில், அது பார்வைக்கு ஒரு வேலை. உள்ளேயோ பல வேலைகள். பொறியியல் சேர்க்கையில் 1997-இல் ஒற்றைச்சாளர முறை வந்தது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. வரிசையில் நிற்பது குறைந்ததே தவிர, சான்றிதழ்களின் தேவை குறையவில்லை. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் போன்றவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் எனப் படிப்படியாகச் செல்கிறது. படிவத்தை ஒரே மாலையில் நிரப்பிவிடலாம். ஆனால் நீங்கள் இரவு முழுதும் கண்விழித்தாலும் சான்றிதழ் விரைந்து வராது.

முதல் பட்டதாரிச் சான்றிதழைக் காட்டினால்தான் அதற்குரிய கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என்பதற்கான சான்று அது. அதனாலேயே, இதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று சொல்லத் தெரிந்தவர் அவ்வீட்டில் இருப்பது அரிது. தாமதத்தால் மிகுதியாக இழப்பவரும் அவ்வீட்டுப் பிள்ளையே.

செய்ய வேண்டியது என்ன?

ஜெர்மானிய உளவியலார் பீட்டர் கோல்விட்ஸரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டாட்டரும் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே வழிகாட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலையை எவ்வாறு கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதும்படி மாணவர்களிடம் கூறினர். எந்த நேரத்தில், எந்த இடத்தில் எழுதப்போகிறோம் என்று முன்னரே குறித்துக்கொண்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதி முடித்தனர். அங்ஙனம் குறிக்காதவர்களுள் முடித்தவர் மூன்றில் ஒரு பங்கினரே.

ஆகவே ஒரு தாளை எடுத்து இறுதி நாளை எழுதுங்கள். அதற்கு மூன்று நாள் முந்திய தேதியே உங்கள் இறுதி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவில் இணையம் மெதுவாகலாம், மின்சாரம் போகலாம், கட்டணம் செலுத்துவது தடைப்படலாம். பிறகு அத்தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலைகளை வரிசைப்படுத்துங்கள்.

பிறர் கையில் உள்ள வேலை முதலில் வரட்டும். மதிப்பெண்ணைச் சாராத சான்றிதழ்களுக்குத் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எல்லாச் சான்றுகளிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் அப்போதே பாருங்கள். திருத்தம் வேண்டுமானால் அதற்கும் நாள் பிடிக்கும். உங்கள் கையில் உள்ள வேலைகள் அடுத்து வரட்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதுங்கள். “விரைவில் செய்வேன்” என்பது திட்டமாகாது. “திங்கட்கிழமை காலை 10 மணிக்கு, குடும்ப அட்டையுடன், இ-சேவை மையத்தில்” என்பதே திட்டம். படிவத்தைத் திறக்க மனம் தயங்கினால், பெயரும் முகவரியும் மட்டும் எழுதுவது என்று தொடங்குங்கள். பெரும்பாலும் கை தானே அடுத்த வரிக்குச் செல்லும்.

கட்டணத்தைச் செலுத்தி, சான்றுகளை இணைத்து, சமர்ப்பித்ததற்கான படியை அச்சிட்டு எடுத்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள். அந்தப் படியைப் பத்திரப்படுத்துங்கள். கலந்தாய்வின்போது அதிலுள்ள விண்ணப்ப எண் தேவைப்படும்.