அடிபடாமலே முடங்கும் கால்கள்

மரத்திலிருந்து விழவில்லை, வண்டியும் மோதவில்லை. ஆனாலும் கால் மரத்துப்போகிறது. செருப்பு நழுவினால் தெரிவதில்லை. சில நாளில் சிறுநீரும் அடைத்துக்கொள்கிறது. அடிபடாமல் வரும் தண்டுவட முடக்கத்துக்குக் காரணங்கள் பல: முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய், எச்.ஐ.வி., பி12 குறைபாடு. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில், சரியாகப் பக்குவப்படுத்தாத கசப்பு மரவள்ளிக்கிழங்கின் சயனைடுகூடக் கால்களை முடக்குகிறது. ஆனால் அங்கும் இங்கும் முக்கியமான காரணம், குணப்படுத்தக்கூடிய ஒன்று: முதுகெலும்புக் காசநோய்.

1779-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் இதை விவரித்தபோது மருந்து கிடையாது. இன்று இருக்கிறது, அதுவும் இலவசமாக. பிறகு ஏன் ஆட்கள் நடை இழக்கிறார்கள்? இந்த நோய்க்காரர் பலருக்கு இருமலே இருக்காது. சளிப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் காசநோய் இல்லை என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகிறார்கள். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்ப்பார்கள், சுளுக்கு எடுப்பார்கள். அரித்துப்போன எலும்பை அழுத்தி நீவுவது ஆபத்து.

அந்தமான் நிக்கோபாரில் இதோடு கடலும் சேர்கிறது. காம்ப்பெல் பேயிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் (நம் வாய்க்கு இன்னும் போர்ட் பிளேர்தான்) 500 கிலோமீட்டருக்கு மேல். கச்சால் தீவில் குடியேறிய, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழருக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி.பந்த்தான். கப்பலுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தண்டுவடத்துக்கு இழப்பு. ஆகவே வாரக்கணக்கில் போகாத முதுகுவலி, அதிலும் படுத்தாலும் குறையாத வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல், முதுகில் புடைப்பு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அது அவசரம். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, மேல்சிகிச்சைக்கான பரிந்துரையை எழுத்தில் கேளுங்கள். ஹெலிகாப்டரில் நோயாளியை ஏற்றிச்செல்லும் ஏற்பாடு தீவுகளில் உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

மருந்து பொதுவாக ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை. தண்டுவடம் நசுங்கினால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சீக்கிரம் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் எழுந்து நடக்கிறார்கள். தாமதித்தவர்களைப் பல நேரம் கொல்வது முடக்கமே அல்ல, படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கக் கற்ற குடும்பம் ஓர் உயிரைக் காக்கிறது.

தனியார் மருத்துவரிடம் போனாலும் அவர் அரசுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். 2012 முதல் அதுதான் விதி. பதிவானால் நிக்ஷய் போஷண் திட்டத்தில் சிகிச்சைக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் (2024 நவம்பருக்கு முன் 500) வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ஊனம் மிஞ்சி, அது 40 சதவீதத்தைத் தொட்டால், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு வேலையில் இடஒதுக்கீடு கோரலாம். அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்து வையுங்கள்.

பணம் வரவில்லையா, மருந்து தீர்ந்துவிட்டதா, சந்தேகமா? காசநோய் இலவச உதவி எண் 1800-11-6666. ஒரு வேளை மருந்தையும் விடாதீர்கள்.