காரீயச் சிப்பாய்க்கு வண்ணம் தீட்டுவோமா?

நவராத்திரிக்கு முன்னால் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கி, மூக்கு உதிர்ந்த செட்டியாருக்கும் நிறம் மங்கிய பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் வண்ணம் தொட்டு வைப்பது நமக்கெல்லாம் பழகின வேலைதான். அந்த வேலையையே வருஷம் பூராவும் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இங்கிலாந்தில் நிறைய உண்டு என்பது, தம்பி வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் தீட்டுவது இரண்டு அங்குல உயரமுள்ள பழைய உலோகச் சிப்பாய் பொம்மைகளுக்கு.

அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானங்களில் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுப் பழைய சாமான்களை விற்பார்கள். நம் ஊர் வாரச் சந்தை மாதிரி. தம்பி ஒரு பிஸ்கட் டின் நிறையச் சிப்பாய்களை வாங்கி வந்து மேஜை மேல் கொட்டினான். ஒருவனுக்குத் தலை இல்லை, ஒருவனுக்குக் கை இல்லை, குதிரைக்கு மூன்றே கால்.

"என்னடா இது, சண்டைல தோத்துட்டு வந்தவங்களா?" என்றேன்.

"சிரிக்காதேக்கா, இதெல்லாம் நம்ம தாத்தா காலத்து சாமான். நீ கோலம் போடற கை. உனக்குத்தான் சரியா வரும், பிரஷ்ஷைப் பிடி" என்றான்.

பெரும்பாலும் அவை பிரிட்டன்ஸ் என்ற லண்டன் கம்பெனியின் பொம்மைகள். அதற்கு முன்பு ஜெர்மனியிலிருந்து வந்த கெட்டி உலோகப் பொம்மைகளுக்குத்தான் இங்கிலாந்தில் மவுசு. 1893-ல் வில்லியம் பிரிட்டன் ஒரு யுக்தி செய்தார். உருக்கிய காரீயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகினதுமே நடுவில் இருப்பதை வெளியே கவிழ்த்துவிடுவது. உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். உலோகமும் மிச்சம், எடையும் குறைவு, விலையும் குறைவு. 54 மில்லி மீட்டர் என்ற அந்த அளவே பிறகு வழக்கமாகிவிட்டது. பல தேசத்துப் பட்டாளங்களையும் செய்தார்கள். 'மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி' என்று நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு செட் உண்டு! 1966-ல் காரீயப் பொம்மைகள் செய்வதை அந்தக் கம்பெனி நிறுத்திவிட்டது.

எனக்கு மனசில் தங்கின விஷயம் வேறு. இந்தப் பொம்மைகளுக்கு ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டினவர்கள் பெண்கள். ஜெர்மனியில் நியூரம்பர்க் பக்கம் வீட்டு வேலைக்கு நடுவே கூலிக்குத் தீட்டிக் கொடுத்தவர்கள் பெண்களும் குழந்தைகளும். ஆண்பிள்ளைகள் சண்டை விளையாட, பெண்கள் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

வேலை முறையைச் சொல்கிறேன். பழைய வண்ணம் முக்கால்வாசி நன்றாக இருந்தால் அந்தப் பொம்மையைத் தொடவே கூடாது. புதுசாகத் தீட்டினால் சேகரிப்பவர்களிடம் மதிப்பு போய்விடும். வண்ணம் போய் மூளியானவற்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் காய வைத்து, கழுத்து ஒடிந்திருந்தால் தீக்குச்சித் துண்டு ஒன்றை உடம்புக்கும் தலைக்கும் நடுவே செருகி ஒட்டிவிடலாம். உள்ளே கூடு என்பதால் இது சுலபம். பிறகு மெல்லிசாக ஒரு கோட் பிரைமர். அதன் மேல் அக்ரிலிக் வண்ணம்.

நாம் துணி உடுத்துகிற வரிசையேதான் தீட்டுகிற வரிசையும். முதலில் முகம், கை. அப்புறம் சட்டை, கால்சராய். அதற்கு மேல் பெல்ட், வார். கடைசியில் பொத்தானும் துப்பாக்கியும். வண்ணத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, ஒரு கோட் காய்ந்த பிறகு அடுத்த கோட் கொடுக்க வேண்டும். கெட்டியாக அப்பினால் மூக்கும் வாயும் மூடிப்போகும். கண்ணுக்கு 00 நம்பர் பிரஷ். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி. தம்பி சொன்னது வீண்போகவில்லை. புள்ளி வைத்துப் பழகின கை நடுங்கவில்லை. கடைசியில் வார்னிஷ். அந்தக் காலத்துப் பொம்மைகள் பளபளப்பாகத்தான் இருந்தன, அதனால் பளபளப்பு வார்னிஷே பொருத்தம்.

இவ்வளவும் பிறகு சரியாகக் கற்றுக்கொண்டது. முதல் மாதம் நான் செய்தது வேறு. உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்த பழைய வண்ணத்தைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, உப்புத்தாள் வைத்துக் கரகரவென்று தேய்த்தேன். கீழே விரித்த பேப்பரை அப்படியே உதறினேன். மேஜைக்குக் கீழே கம்பளத்தில் தம்பி பிள்ளை தவழ்ந்துகொண்டிருப்பான். பத்து மாதக் குழந்தை.

ஒருநாள் அவன் வாயில் ஏதோ கடகடவென்று சத்தம். விரலை விட்டு எடுத்தால், குதிரையின் கால்! தம்பி மனைவி, "அக்கா, இது எதுல செஞ்சது?" என்று கேட்டாள். தம்பி வாயைத் திறக்கவில்லை. உடனே டாக்டரிடம் ஓடினோம். இரத்தப் பரிசோதனையில் ஒரு டெசிலிட்டருக்கு 7 மைக்ரோகிராம் காரீயம். 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறதென்று தேடிப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொல்லியிருக்கிறது. பயமில்லாத அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது.

குதிரைக் காலைவிட அந்த டாக்டர் அதிகம் விசாரித்தது பொடியைப் பற்றித்தான். "எங்கே தேய்த்தீர்கள்? குழந்தை எங்கே தவழ்கிறான்?" தரையில் விழுந்த பொடி கையில் ஒட்டி, கை வாய்க்குப் போகிறது. ஒரே அளவு உள்ளே போனாலும், பெரியவர்கள் உடம்பு எடுத்துக்கொள்வதைப்போல நாலைந்து மடங்கைக் குழந்தை உடம்பு எடுத்துக்கொள்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவான குழந்தைக்கு இன்னும் அதிகம். வலியோ காய்ச்சலோ காட்டாமலே மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அன்று இரவு நான் தூங்கவில்லை. தேய்த்தது என் கை அல்லவா!

ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு ஞாபகம் வரும். பயந்துவிடாதீர்கள், அது வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு. (ஆனால் சொம்பில் காரீயம் கலக்காமல் இருக்க வேண்டும். நம்பிக்கையான இடத்தில் பார்த்து வாங்குங்கள்.) கர்ப்பிணிகளும் இந்த வேலைப் பக்கமே போக வேண்டாம். எலும்பில் தங்கியிருக்கும் காரீயம் கர்ப்ப காலத்தில் இரத்தத்துக்கு வந்து சிசுவுக்கும் போகும்.

குழந்தைக்கு மருந்து எதுவும் தரவில்லை. காரீயம் வரும் வழியை அடைத்தால் போதும் என்றார்கள். தம்பி மனைவி கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டாள். துடைப்பத்தைத் தொடவிடவில்லை, பெருக்கினால் பொடி பறக்கும் என்று. ஈரத்துணியால் தரை, ஜன்னல் விளிம்பு எல்லாம் தினமும் துடைத்தோம். சாப்பிடும் முன் குழந்தையின் கையைக் கழுவினோம். கேழ்வரகுக் கூழ், பருப்பு, கீரை மசியல் என்று நான் ஆக்கிப் போட்டேன்.

பொம்மை வேலை தோட்டத்துக் கொட்டகைக்குப் போயிற்று. அங்கே தனிச் சட்டை, தனிச் செருப்பு. தேய்க்க வேண்டியிருந்தால் ஈரத்தோடுதான். வேலையிடத்தில் காபியோ முறுக்கோ கூடாது. பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் கூடவே கூடாது. பொம்மைகளை மர அலமாரியில், அதிலும் ஓக் மர அலமாரியில் மூடி வைத்தால், மரத்தின் புளிப்பு ஆவியால் மேலே வெள்ளையாகப் பூக்கும். அதுவும் விஷப்பொடிதான். அதனால் கண்ணாடியும் இரும்பும் சேர்ந்த அலமாரி, அதற்கு ஒரு பூட்டு. வீட்டில் சின்னக் குழந்தை இருந்து ஆசையும் விடவில்லை என்றால், பிளாஸ்டிக்கிலோ ரெசினிலோ வரும் புதுப் பொம்மைகளை வாங்கித் தீட்டலாம். கைவேலை அதே கைவேலைதான்.

ஒன்று சொல்ல மறந்தேனே. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம். ஆகவே பழைய கொலுப் பொம்மையை உப்புத்தாளால் தேய்க்காமல் அதன் மேலேயே வண்ணம் தொட்டுவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து, நான் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் மறுபடி பரிசோதனை. 4 என்று வந்தது. தம்பி மனைவி அன்றுதான் பழையபடி என்னிடம் சிரித்துப் பேசினாள். இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருந்தது. அதிலும் குறைந்திருப்பதாக ஃபோனில் சொன்னாள்.

கொட்டகையில் நான் தீட்டி முடித்தது பதினோரு சிப்பாய்கள். "என் மதராஸ் சிப்பாய் கிடைச்சானாடா?" என்று ஃபோன் பண்ணும்போதெல்லாம் தம்பியைக் கேட்கிறேன். "ஒரு தடவை பார்த்தேன்க்கா. விலையைக் கேட்டதும் வெச்சுட்டு வந்துட்டேன்" என்கிறான்.