உடம்பை வாடகைக்கு விட்டு சினிமா எடுத்தார்! 7 ஆயிரம் டாலர் படம் பரிசு வாங்கிய கதை

சினிமா எடுக்க வீட்டை அடகு வைத்தவர்கள் உண்டு. மனைவியின் நகையை விற்றவர்களும் உண்டு. ஆனால் தன் உடம்பையே மருந்து சோதனைக்கு வாடகைக்கு விட்டு ஒருவர் படம் எடுத்தார். அந்தப் படம் பரிசும் வாங்கியது!

அவர் பெயர் ராபர்ட் ரோட்ரிகஸ். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில் 1968-ம் ஆண்டு பிறந்தவர். மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்தவர். இப்படிப்பட்டவர்களை அங்கே "லத்தீனோ" என்கிறார்கள்.

வீட்டில் மொத்தம் 10 பிள்ளைகள். அப்பா, சமையல் பாத்திரங்கள் விற்கும் சேல்ஸ்மேன். அம்மா நர்சு. ஒருநாள் அப்பா வீட்டுக்கு ஒரு வீடியோ டெக் வாங்கி வந்தார். கூடவே ஒரு காமிராவும் இருந்தது. அதைப் பையன் பிடித்துக்கொண்டான். தம்பி, தங்கைகள்தான் நடிகர்கள். வீடுதான் ஸ்டூடியோ.

சீட் இல்லை

வளர்ந்ததும் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சினிமா படிப்பில் சேர ஆசை. ஆனால் மார்க் போதவில்லை. "சீட் இல்லை" என்று கையை விரித்து விட்டார்கள்.

மனிதர் சோர்ந்து போகவில்லை. கல்லூரிப் பத்திரிகையில் "லாஸ் ஹூலிகன்ஸ்" என்ற கார்ட்டூன் தொடர் வரைந்தார். தம்பி, தங்கைகளை வைத்து எடுத்த வீடியோ படங்களைப் போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைத்தது. அதன் பிறகுதான் சினிமா வகுப்பின் கதவு திறந்தது. 1991-ல் அவர் எடுத்த "பெட்ஹெட்" என்ற குறும்படமும் பல விழாக்களில் பரிசு பெற்றது.

அடுத்து முழு நீளப் படம் எடுக்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது?

ஒரு மாத வாசம்

ஆஸ்டினில் மருந்து சோதனை நிலையம் ஒன்று இருந்தது. புது மருந்துகளை நல்ல உடம்புக்காரர்களுக்குக் கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். எலிக்குப் பதில் மனிதன்! அதற்குச் சம்பளமும் உண்டு.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்துக்கு ஆள் எடுத்தார்கள். ரோட்ரிகஸ் போய்ச் சேர்ந்தார். ஒரு மாதம் அங்கேயே அடைந்து கிடக்க வேண்டும். கூலி 3 ஆயிரம் டாலர். அங்கே அவருக்குப் பெயர் கூட இல்லை. "சிவப்பு 11" என்ற நம்பர்தான்!

சும்மா படுத்திருக்கவில்லை. அங்கே உட்கார்ந்துதான் கதை வசனம் எழுதினார். படத்தின் வில்லனையும் அங்கேயே பிடித்தார். பீட்டர் மார்க்வார்ட் என்ற அவர், பக்கத்தில் மருந்து குடித்துக் கொண்டிருந்த இன்னொரு "சோதனை எலி". படமோ ஸ்பானிய மொழிப் படம். வில்லனுக்கு அந்த மொழியே தெரியாது. வசனத்தை நெட்டுருப் போட்டு ஒப்பித்தார்!

தள்ளுவண்டியில் காமிரா

1991 கோடையில் அமெரிக்க எல்லையை ஒட்டியுள்ள மெக்சிகோ ஊரான சியுதாத் அக்குனாவில் படப்பிடிப்பு நடந்தது. அது நண்பர் கார்லோஸ் கல்லார்டோவின் சொந்த ஊர். அவர்தான் கதாநாயகன். கூட்டுத் தயாரிப்பாளரும் அவரே.

டைரக்டர், காமிராமேன், எடிட்டர் எல்லாம் ரோட்ரிகஸ் ஒருவரே. உதவிக்கு ஆள் கிடையாது. காமிரா இரவல். அதை நகர்த்தித் தள்ள தண்டவாளம் இல்லை. நோயாளிகளைத் தள்ளும் சக்கர நாற்காலியில் டைரக்டரே காமிராவோடு உட்கார்ந்து படம் பிடித்தார். பிலிம் விலை அதிகம் என்பதால் பெரும்பாலும் ஒரே "டேக்"தான். காமிரா போட்ட சத்தத்தால் வசனத்தைத் தனியாக டேப்பில் பதிவு செய்தார்கள்.

14 நாளில் வேலை முடிந்தது. மொத்தச் செலவு சுமார் 7 ஆயிரம் டாலர்!

படத்தின் பெயர் "எல் மரியாச்சி". பிழைப்பு தேடி ஊருக்குள் வரும் கிட்டார்காரனை, கிட்டார் பெட்டியில் துப்பாக்கி சுமக்கும் கொலைகாரன் என்று ரவுடிகள் தவறாக நினைத்துத் துரத்துவதுதான் கதை.

அடித்தது யோகம்

ஸ்பானிய வீடியோ கேசட் கம்பெனிக்கு விற்று, வரும் காசில் அடுத்த படம் எடுப்பதுதான் திட்டம். ஆனால் ஹாலிவுட்டில் ஒரு ஏஜெண்டு கண்ணில் படம் பட்டது. பிரபல கொலம்பியா கம்பெனி வாங்கிக் கொண்டது. தியேட்டருக்கு ஏற்றபடி பிரிண்டு போட கம்பெனி செய்த செலவு, படம் எடுத்த செலவைவிடப் பல மடங்கு!

1993 ஜனவரியில் சண்டான்ஸ் படவிழாவில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு வழங்கும் பரிசு அந்தப் படத்துக்குக் கிடைத்தது. 2011-ல் அமெரிக்க தேசிய திரைப்படப் பதிவேட்டிலும் இடம் பெற்றது.

அப்புறம் ஏறுமுகம்தான். 1995-ல் "டெஸ்பராடோ", 2001-ல் "ஸ்பை கிட்ஸ்" வந்தன. 2005-ல் வெளிவந்த "சின் சிட்டி" படத்தை எடுத்தபோது, கதையை வரைந்த பிராங்க் மில்லரின் பெயரையும் டைரக்டராகப் போட விரும்பினார். டைரக்டர்கள் சங்கத்தின் விதி இடம் தரவில்லை. சங்கத்தையே உதறிவிட்டு வெளியே வந்தார்!

மீண்டும் 7 ஆயிரம்

கோடிக்கணக்கான டாலரில் படம் எடுத்த பிறகும் பழசை அவர் மறக்கவில்லை. மகன்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அதே 7 ஆயிரம் டாலரில் இன்னொரு படம் எடுத்தார். 2019-ல் அது திரையிடப்பட்டது. மருந்து சோதனைக்குப் போய் மாட்டிக்கொள்ளும் இளைஞனின் கதை.

படத்தின் பெயர்? "சிவப்பு 11"!