பழைய ரைஃபிளுக்குப் புது மேகசின்: வெளிநாட்டில் ‘அப்கிரேட்’, இங்கே 7 ஆண்டு சிறை?

யூடியூபில் ‘ரைஃபிள் அப்கிரேட்’ என்று தேடினால் வரிசையாக வீடியோக்கள் வந்து விழும். அமெரிக்காவில் ஒருவர் கேரேஜில் உட்கார்ந்து, தன் வேட்டை ரைஃபிளின் அடிப்பாகத்தைக் கழற்றுகிறார். புதிதாக ஒரு பாகத்தைப் பொருத்துகிறார். கழற்றி மாட்டும் மேகசினைச் சொருகி, ‘க்ளிக்’ சத்தத்தோடு முடிக்கிறார். பார்க்க பைக்குக்குப் புது சைலன்சர் மாட்டுவது போலத்தான் இருக்கிறது.

தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில் இருக்கும் ஆத்தூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத்தோட்டமும் உள்ள குடும்பம். தாத்தா காலத்து ரைஃபிள் ஒன்று, லைசென்ஸோடு பீரோவில் இருக்கிறது. சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் பேரன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ‘நம்ம ரைஃபிளுக்கும் இதை மாட்டினா என்ன?’ என்று கேட்கிறான்.

கேள்வி சின்னதுதான். பதிலில் 140 வருட வரலாறும் கொஞ்சம் இயந்திரவியலும் நிறைய சட்டமும் இருக்கின்றன.

முதலில், போல்ட் ஆக்‌ஷன் என்றால் என்ன?

ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாகக் குழலுக்குள் ஏறாது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். மறுபடி முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். நம்ம ஊர் கதவுத் தாழ்ப்பாள் வேலை செய்வதைப் போலத்தான். அதனால்தான் ‘போல்ட்’ என்று பெயர். போலீஸ் அணிவகுப்புகளில் பலரும் பார்த்திருக்கும் .303 ரைஃபிள் இந்த வகைதான்.

அடுத்தடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் இடம்தான் மேகசின். இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு.

ஒன்று, ரைஃபிளின் மரக்கட்டைக்கு உள்ளேயே நிலையாக இருக்கும் பெட்டி. ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 1898-ல் கொண்டுவந்த ரைஃபிள் இதற்குப் பெயர்போனது. 5 தோட்டாக்களை மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். உலகின் பெரும்பாலான வேட்டை ரைஃபிள்கள் இந்த வடிவத்தின் வாரிசுகள்.

இன்னொன்று, கழற்றி மாட்டும் பெட்டி. ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் 1879-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரில் உள்ள ‘லீ’தான் 1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற ‘லீ மெட்ஃபோர்டு’, பின்னால் வந்த ‘லீ என்ஃபீல்டு’ ரைஃபிள்களின் பெயரில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லீ என்ஃபீல்டின் 10 தோட்டா மேகசின் கழற்றக்கூடியதுதான். ஆனால், சிப்பாய்கள் அதை மாற்றி மாற்றி மாட்டவில்லை. 5 தோட்டாக்கள் கோத்த கிளிப்பை மேலே வைத்து அழுத்தித்தான் நிரப்பினார்கள். சுத்தம் செய்யத்தான் மேகசினைக் கழற்றுவது வழக்கம். தொலைந்துவிடக் கூடாது என்று ஆரம்பகால ரைஃபிள்களில் மேகசினைச் சின்னச் சங்கிலியால் கட்டியே வைத்திருந்தார்கள்!

அப்புறம் ஏன் மாற்ற நினைக்கிறார்கள்?

முதல் காரணம் வேகம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வேட்டைக்காரர்கள் சொல்லும் முக்கியக் காரணம் வேறு: பாதுகாப்பு. மரக்கட்டைக்குள் மூடிய பெட்டி இருக்கும் ரைஃபிள்களில், தோட்டாக்களை வெளியே எடுக்க ஒவ்வொன்றாகப் போல்டை இழுத்துத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தோட்டாவும் ஒரு தடவை குழல் பக்கம் போய்த்தான் வெளியே வரும். கழற்றும் மேகசின் என்றால் ஒரே இழுப்பில் மொத்தமும் கையில் வந்துவிடும். அப்போதும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். மேகசினைக் கழற்றிவிட்டதால் துப்பாக்கி காலி என்று நினைத்து நடந்த விபத்துகள் உலகம் முழுக்க உண்டு.

இரண்டாவது காரணம், குறிபார்த்துச் சுடும் போட்டிகள். பிரிட்டனின் ‘ஆக்யுரசி இன்டர்நேஷனல்’ நிறுவனம் உருவாக்கிய மேகசின் வடிவம் இன்று கிட்டத்தட்ட ஒரு பொதுத் தரமாகிவிட்டது. அமெரிக்காவில் 1962-ல் அறிமுகமான ‘ரெமிங்டன் 700’ போன்ற ரைஃபிள்களுக்கு அந்த மேகசின் பொருந்தும் மாற்றுப் பாகங்கள் கடைகளிலேயே கிடைக்கின்றன.

வீடியோவில் காட்டாத சிக்கல் என்ன?

மேகசின் வெறும் டப்பா இல்லை. அது ரைஃபிளின் இயக்கத்தில் ஒரு பாகம். மேலே உள்ள தோட்டா எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை மேகசினின் வாய்ப்பகுதி விளிம்புகள்தான் தீர்மானிக்கின்றன. சாய்வு கொஞ்சம் பிசகினாலும் தோட்டா குழலின் வாயில் முட்டி நிற்கும். அல்லது போல்ட் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போய், காலியான குழலை மூடிவிடும்.

இதைவிட மோசமான நிலைமை ஒன்று உண்டு. ஏற்கெனவே குழலுக்குள் ஒரு தோட்டா இருக்கும்போது, பின்னாலிருந்து இன்னொரு தோட்டா தள்ளப்படுவது. கூர்முனைத் தோட்டாவாக இருந்தால், முன்னால் உள்ள தோட்டாவின் வெடிமருந்து மூடியில் அது குத்த வாய்ப்பு இருக்கிறது. போல்ட் முழுசாகப் பூட்டாத நேரத்தில் வெடித்தால், சுடுபவரின் முகம்தான் அருகில் இருக்கும்.

அடுத்தது மரக்கட்டை. ரைஃபிளின் இரும்புப் பகுதியை மரத்தோடு இறுக்கிப் பிடிக்கும் திருகுகள் அந்த அடிப்பாகம் வழியாகத்தான் போகின்றன. அங்கே மரத்தைக் குடைந்தால் பிடிப்பு மாறும், குறி தப்பும், நாளடைவில் கட்டையில் விரிசலும் விழலாம். லேத் பட்டறையில் ஆர்டர் கொடுத்துச் செய்கிற சமாச்சாரம் இல்லை இது.

இந்தியாவில் இப்படி மாற்றியதே இல்லையா?

மாற்றியிருக்கிறார்கள், ஆனால் அரசுத் தொழிற்சாலையில். கொல்கத்தா அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை இதில் இரண்டு நேரெதிர் வேலைகளைச் செய்தது.

பிரிட்டிஷ் காலத்தில் .303 ரைஃபிள்களை .410 மஸ்கெட்டாக மாற்றினார்கள். காவலர்களுக்கும் பாரா நிற்பவர்களுக்கும் கொடுப்பதற்காக. ராணுவத் தோட்டா அதில் பயன்படக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போட முடிய வேண்டும். அதற்காக மேகசின் இடத்தில் மரக்கட்டையை வைத்து அடைத்துவிட்டார்கள். துப்பாக்கி கைமாறிப் போனாலும் ஆபத்து குறைவு என்பது அன்றைய அரசின் கணக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது அதற்கு நேர்மாறு. 1962 சீனப் போருக்குப் பின் ராணுவத்துக்கு அவசரமாக ரைஃபிள்கள் தேவைப்பட்டன. அதே லீ என்ஃபீல்டு வடிவத்தை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ற மாதிரி இஷாப்பூரில் திருத்தினார்கள். 10 தோட்டா மேகசின் போய் 12 தோட்டா மேகசின் வந்தது. பழைய ரைஃபிளையே குடைந்து மாற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புதிய தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்பதால், உறுதியான உருக்கில் புதிதாகவே தயாரித்தார்கள். இதுதான் ‘2ஏ’, ‘2ஏ1’ ரைஃபிள்கள். ஒரு நாட்டின் ஆயுதத் தொழிற்சாலையே மேகசினையும் தோட்டாவையும் மாற்ற உலோகம்வரை யோசித்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பொதுமக்கள் லைசென்ஸில் வாங்கும் .315 ரைஃபிளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ராணுவத் தோட்டாக்கள் வெளியே கசிந்தால் மக்கள் கையில் உள்ள ரைஃபிளில் அவை பொருந்தக் கூடாது. அந்தப் பயத்தில் பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததால், தனி அளவில் பிறந்தது .315. அந்தப் பயம் இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, .303 அல்லது 7.62 ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள் தனிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கின்றன. .410 மஸ்கெட்டும் அதே பிரிவில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959 ஆயுதச் சட்டத்தில் ‘போல்ட் ரைஃபிளுக்கு மேகசின் மாற்றுவது’ என்று தனி வரி கிடையாது. ஆனால், மூன்று இடங்களில் வசமாக மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

1. பாகமும் துப்பாக்கியே: சட்டத்தின் 2-வது பிரிவு துப்பாக்கி என்பதற்குத் தரும் விளக்கத்தில் அதன் பாகங்களும் அடக்கம். ‘நான் வாங்கினது வெறும் ஸ்பேர் பார்ட்’ என்ற வாதம் எடுபடுவது கஷ்டம்.

2. மாற்றவும் லைசென்ஸ் வேண்டும்: 5-வது பிரிவின்படி, தயாரிப்பது, விற்பது மட்டுமல்ல, துப்பாக்கியை உருமாற்றுவது, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் அதற்கென்றே தனி உரிமம் தேவை. வைத்திருப்பதற்கான லைசென்ஸ் வேறு, மாற்றுவதற்கான லைசென்ஸ் வேறு. தாத்தாவின் கையில் இருப்பது முதலாவது மட்டும்தான்.

3. இறக்குமதிக்கும் அனுமதி வேண்டும்: 10-வது பிரிவின்படி உரிமம் இல்லாமல் ஆயுதத்தையோ அதன் பாகத்தையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியாது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பார்சல் வீட்டுக்கு வராது. சுங்கத் துறையின் கடிதமோ போலீஸோதான் வரும்.

தண்டனை? 2019-ல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. 5-வது பிரிவை மீறி உருமாற்றம் செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள், கூடவே அபராதம். அதே திருத்தம்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. லைசென்ஸின் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டித்ததும் அதுதான்.

கனடாவில் பெரிய ரகத் தோட்டாவைச் சுடும் தானியங்கி வகை வேட்டை ரைஃபிளின் மேகசினுக்கு 5 தோட்டாதான் வரம்பு. போல்ட் ஆக்‌ஷனுக்கு அந்த வரம்பு இல்லை. அங்கே வீடியோ போடுபவருக்குச் சட்டம் இடம் தருகிறது, இங்கே தரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

‘பன்றி வருதே, என்ன செய்ய?’

நியாயமான கேள்வி. விளாத்திகுளம், புதூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடும் விவசாயிகளைக் கேட்டால் காட்டுப்பன்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ஒரு ராத்திரியில் ஒரு போகமே போய்விடும்.

ஆனால், நல்ல மேகசின் போட்ட ரைஃபிள் இதற்குத் தீர்வு இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக்குத் தடை. 2022-ல் திருத்தப்பட்ட அட்டவணையில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. லைசென்ஸ் துப்பாக்கியாக இருந்தாலும், அனுமதி இல்லாமல் சுட்டால் அது வனக் குற்றம். ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு என்று குறிப்பிடுவதும் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியைத்தான், ரைஃபிளை இல்லை.

கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, அவர்கள் அனுமதிக்கும் லைசென்ஸ்தாரர்கள் சுடலாம் என்றது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வேறு வழியைச் சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத் துறையினர் சுடலாம். இங்கே துப்பாக்கி விவசாயி கைக்கு வரவில்லை. பயிர்ச் சேதத்துக்கு வனத் துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிப்பதுதான் அவருக்கு இருக்கும் வழி. அது போதுமா, சீக்கிரம் கிடைக்கிறதா என்பது விவசாயிகள் தொடர்ந்து எழுப்பும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கலெக்டரின் குறைதீர்க்கும் கூட்டத்தில் கேட்கலாம். பட்டறையில் ரைஃபிளைக் குடைந்து பதில் தேட முடியாது.

வள்ளநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கும் மாவட்டம் இது. மாற்றம் செய்த ரைஃபிளோடு ராத்திரியில் பிடிபட்டால், ‘பன்றிக்குத்தான் போனேன்’ என்று சொல்லி நம்பவைப்பது லேசில்லை.

தாத்தாவின் ரைஃபிளை என்னதான் செய்யலாம்?

* லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, அதில் உள்ள துப்பாக்கி எண்ணும் ரைஃபிளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, தனி அடையாள எண் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

* லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு மாற்ற 2016 விதிகளில் வழி இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பேரன் பெயரில் லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி அவர் கையில் இருக்கக் கூடாது.

* லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பீரோவிலேயே விடாதீர்கள். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

* மேகசின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, தோட்டா சரியாக ஏறவில்லை என்றால் பழுதுபார்க்கும் உரிமம் உள்ள டீலரிடம் மட்டும் கொடுங்கள். அதே மாதிரிப் பாகத்தைப் போட்டுச் சரிசெய்வது வேறு, வடிவத்தையே மாற்றுவது வேறு.

* சுடுவதில் ஆர்வம் என்றால் ரைஃபிள் கிளப்பில் சேரலாம். அங்கீகாரம் பெற்ற கிளப்பின் உறுப்பினர் குறிப்பயிற்சிக்கு வைத்திருக்கும் .22 ரைஃபிளுக்கு எண்ணிக்கை வரம்பில் சட்டமே விலக்கு தருகிறது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அப்போது எண்ணையும் துப்பாக்கியையும் பார்த்துத்தான் வாங்கி வைப்பார்கள். வீட்டுக்குள் செய்த மாற்றம் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள்: இங்கே லைசென்ஸ் துப்பாக்கி வருஷக்கணக்கில் பீரோவிலேயே கிடப்பதில்லை, அவ்வப்போது மேஜை மேல் வந்துதான் ஆக வேண்டும்.