குண்டானுக்குள் தெரியாத ஃப்ளோரைடு

காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சாமான் பரப்பினால் வெள்ளியும் பித்தளையும் எவர்சில்வரும் கண்ணில் நிற்கும். அலுமினியக் குண்டான் ஒரு மூலையில் கிடக்கும். மலிவுதான். ஆனால் மண்ணிலிருந்து பிரித்தெடுக்க மனிதரை அதிகம் பாடுபடுத்தியது அதுவே. உருகிய உப்பில் மின்சாரம் பாய்ச்சி உலோகம் பிரிக்கும் வித்தை, அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரிலும் 15 லட்ச ரூபாயிலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியின் ஆய்வுத் துறைகளில் ஒன்று. அலுமினியத்துக்கு மட்டும் அந்த உப்பு ஃப்ளோரைடாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

சேர்வராயன் மலை பாக்சைட் தாதுவிலிருந்து கிடைக்கும் வெள்ளைத் தூளான அலுமினா உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தண்ணீர்க் கரைசலில் மின்சாரம் விட்டால் அலுமினியம் வராது, ஹைட்ரஜன்தான் வரும். குளோரைடு உப்புக் குழம்பில் அலுமினா கரைவதே இல்லை. கிரையோலைட் எனும் சோடியம் அலுமினியம் ஃப்ளோரைடுக் குழம்பிலோ 960 டிகிரி வாக்கில் கரைந்துவிடுகிறது. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலை 1965 முதல் நடத்திவந்ததும் இந்த முறைதான். ஃப்ளோரின் தன் பிடியை எளிதில் விடாது; அதனால் நாலைந்து வோல்ட்டில் அலுமினா உடைகிறது, அதைக் கரைத்த உப்பு உடையாமல் நிற்கிறது. அப்படியானால் ஒருமுறை ஊற்றினால் போதாதா? போதாது. அலுமினாவோடு வரும் சோடியம் ஃப்ளோரைடைக் கொஞ்சம் தின்கிறது, ஆவியில் கொஞ்சம் போகிறது. ஈடுகட்ட, டன் அலுமினியத்துக்கு 15 முதல் 20 கிலோ வரை அலுமினியம் ஃப்ளோரைடு கொட்டுகிறார்கள். உருகாமலே 1,290 டிகிரி அளவில் ஆவியாகும் வெண்பொடி இது. கடலூர் சிப்காட்டில் டான்ஃபாக் ஆலை தயாரிப்பதும் இதைத்தான்: ஃப்ளோர்ஸ்பார் கல்லைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி, வரும் வாயுவை அலுமினியம் ஹைட்ராக்சைடோடு சேர்க்கிறார்கள்.

தருமபுரிப் பக்கம் கிணற்றுநீரில் கரைந்த ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததை அறிந்தவர்கள், ஃப்ளோரைடைக் கொட்டும் இந்த முறையை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். நியாயம்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே குடிநீருக்கு ஆகாது. ஆனால் கேட்க வேண்டியது, பொருள் எங்கே போகிறது என்பதே. உப்புக் குழம்பு இருக்கும் மின்தொட்டியிலிருந்து எழும் ஃப்ளோரைடு வாயுவைப் புது அலுமினாத் தூளில் பிடித்து, அதே தூளைத் தொட்டிக்குள் கொட்டிவிடலாம். ஆலைக்கும் காசு மிச்சம் என்பதால் இது ஒழுங்காக நடக்க வாய்ப்புண்டு. அப்படிச் சமாதானம் சொல்ல முடியாதது இன்னொன்று. தொட்டியில் அலுமினா குறைந்தால் மின்னழுத்தம் எகிறி, அந்த உடையாத ஃப்ளோரைடும் உடைந்து, மின்முனையான கரித்தண்டோடு சேர்ந்து கார்பன் டெட்ராஃப்ளோரைடாகக் கிளம்பும். அது பல்லாயிரம் ஆண்டு காற்றில் தங்கிப் புவியைச் சூடாக்கும். அலுமினாவைச் சிறுகச் சிறுக, விடாமல் போடுவதுதான் தடுக்கும் வழி. தொட்டியையே தவிர்க்கும் வழியும் உண்டு: “ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவி வருபவர் வாங்கிப்போகும் நசுங்கிய குண்டான், இந்தத் தொட்டிப் பக்கமே போகாமல் உருகி மறுபடி குண்டானாகிறது. செலவாகும் ஆற்றலும் புதிதாகப் பிரித்தெடுப்பதில் இருபதில் ஒரு பங்குதான்.