பூட்டுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் என்ன சொந்தம்?

திண்டுக்கல் பூட்டு, பழனி பஞ்சாமிர்தம். ரெண்டும் ஒரே மாவட்டம். ரெண்டுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. இது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

2012-ல் தொடங்கிய விக்கிடேட்டா மாதிரி தளங்களில் தகவல் பத்தி பத்தியாக இருக்காது. மூணு துண்டாக இருக்கும்: 'பழனி – அமைந்துள்ள இடம் – திண்டுக்கல் மாவட்டம்'. பெயர்கள் புள்ளி, உறவு கோடு. கோடிக்கணக்கான கோடுகள் சேர்ந்தால் அதுதான் கிராஃப்.

அல்காரிதம் இதில் என்ன பண்ணும்? கல்யாண வீட்டில் ரெண்டு பேருக்குப் பொதுவா நாலு சொந்தக்காரங்க இருந்தா, "அப்போ நீங்களும் உறவா?"ன்னு கேட்போம்ல, அதேதான். பூட்டுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் நேர்க்கோடு இல்லாவிட்டாலும், பொதுவான புள்ளிகளை வைத்து ஒரு தொடர்பை ஊகிக்கும்.

இன்னொன்று, 1998-ல் வெளியான பேஜ்ரேங்க். முக்கியமான புள்ளிகளிடமிருந்து யாருக்குக் கோடு வருதோ, அவங்களும் முக்கியம்.

சிக்கலே இங்கதான். திண்டுக்கல் கோட்டையோடு தொடர்புள்ள ஐதர் அலிக்கு மைசூர், திப்பு சுல்தான்னு எக்கச்சக்கக் கோடுகள். கையால் செய்யுற மாங்காய்ப் பூட்டுக்கு? யாரும் பதியாத கோட்டை அல்காரிதம் எண்ணாது. கோடு குறைந்தால் மதிப்பெண் குறையும், தேடலில் பின்னுக்குப் போகும். பூட்டு மட்டம்னு அர்த்தமில்லை. அதைப் பற்றிப் பதிவு இல்லை, அவ்வளவுதான்.

விக்கிடேட்டாவில் யார் வேணும்னாலும் எழுதலாம். உங்க ஊர்த் தொழிலுக்கு எத்தனை கோடு இருக்குன்னு பாருங்க. விட்டுப்போனதை ஆதாரத்தோடு சேருங்க.